ஒப்படைத்த கிளியைப் பார்த்துக்கொள்ள, அந்த மையத்திலேயே தன்னார்வலராகச் சேரலாமா?

கொடிமுல்லை · பிப்ரவரி 16

அனைவருக்கும் வணக்கம். பறவைகளோடு பழகியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் 11 வருடமாக ஒரு பச்சைக்கிளி இருந்தது. அப்பாயி வளர்த்தது. நாங்கள் திருச்சியில் இருந்தபோது, தெருவில் விற்றுக்கொண்டு வந்தவரிடம் சரியாக இறகுகூட முளைக்காத குஞ்சாக வாங்கினார். முதல் இரண்டு வருடம் அதற்கு ரங்கம்மா என்று பெயர். மூன்றாவது வருடம் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக வளையம் வந்தது, ரங்கன் ஆகிவிட்டது. மின்விசிறியில் அடிபட்டுவிடும் என்று பயந்து அவ்வப்போது இறக்கையை வெட்டிவிடுவோம். அதனால் வீட்டுக்குள்ளே நடந்துதான் திரியும்.

வாசல் கேட் சத்தம் கேட்டால் "யாரு வந்திருக்கா?" என்று கேட்கும். அச்சு அசலாக அப்பாயியின் குரல். கார்த்திகையில் அப்பாயி தவறிவிட்டார். அதற்குப் பிறகும் கேட் திறக்கும்போதெல்லாம் ரங்கன் அதே குரலில் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவால் தாங்க முடியவில்லை. கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று அப்பாவும் எங்கோ படித்திருக்கிறார். போன வாரம் சென்னையில் வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டோம். அவர்கள் ஒரு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த மையத்தில் வார இறுதிக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்களாம். நான் போகலாமா? ரங்கனை நானே பார்த்துக்கொள்ள விடுவார்களா? உண்மையைச் சொன்னால், அந்தக் குரலை இன்னும் கொஞ்ச நாள் கேட்க வேண்டும்போல இருக்கிறது.

---

மாடப்புறா · பிப்ரவரி 16

ஒப்படைத்தது நல்ல முடிவு. பலருக்கு இது தெரியவே தெரியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் ஊர்க் கிளிகள் எல்லாம் வருகின்றன. இந்தியக் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பது 1990-91 முதலே தடை செய்யப்பட்டது. 2022ல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பச்சைக்கிளி இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று போகலாம். தாமாக முன்வந்து ஒப்படைப்பவர்களை வனத்துறை பெரும்பாலும் கனிவாகவே நடத்துகிறது. அதனால் பயப்படாமல் மையத்தில் போய்க் கேளுங்கள்.

---

கொள்ளுக்குடியான் · பிப்ரவரி 16

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் ஊர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறது. கண்மாயில் வந்து கூடு கட்டும் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட நாங்கள் வெடி வெடிப்பதில்லை. சரணாலயம் என்றால் பறவை சுதந்திரமாக இருக்கும் இடம் என்றே எனக்குப் பழக்கம். கூண்டில் வைத்துப் பராமரிப்பதும் அதே வேலைதானா?

---

ஆலங்கிளை · பிப்ரவரி 17

கொள்ளுக்குடியான் தம்பி, இரண்டும் வேறு. வேடந்தாங்கலிலோ உங்கள் கண்மாயிலோ பறவைக்கு நாம் செய்யக்கூடிய உதவி, கிட்டப் போகாமல் இருப்பது. பறிமுதல் ஆன கிளி, மாஞ்சா நூலில் சிறகு அறுந்த பருந்து, சாயம் பூசி விற்கப்பட்ட தினைக்குருவி, இவற்றுக்குப் போக்கிடம் கிடையாது. அவை தேறும் வரையாவது ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரைதான் மையம்.

கொடிமுல்லை தங்கச்சி, நான் ஏழு வருடமாக ஞாயிறுதோறும் ஒரு மையத்துக்குப் போகிறேன். பெயரைப் பொதுவில் சொல்லவில்லை. கிளிகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் திருட வருகிறவர்களும் உண்டு.

தாராளமாகச் சேரலாம். ஆனால் நீ நினைத்துக்கொண்டு போகிற வேலை அங்கே இருக்காது.

காலை ஆறரைக்குப் போவேன். உள்ளே நுழைந்ததும் செய்வது ஒன்றுதான், பத்து நிமிடம் அசையாமல் நின்று பார்ப்பது. எண்ணிக்கை சரியா? எது இறகை உப்பிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது? எதன் வால் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகிறது? காட்டில் நோஞ்சானாகத் தெரிந்தால் பருந்து முதலில் அதைத்தான் தூக்கும். அதனால் பறவை தன் நோயைக் கடைசி வரை மறைத்துவிடும். அது கிளையிலிருந்து கீழே விழுந்த பிறகு நாம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தாமதம்தான். எச்சத்தையும் பார்க்க வேண்டும். பச்சை, வெள்ளை, தண்ணீர் என மூன்று பகுதியாக இருக்கும். அதில் எது மாறினாலும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

அதற்குப் பிறகு கழுவுவது, கூட்டுவது, தண்ணீர் மாற்றுவது, பழைய கிளைகளை எடுத்துவிட்டுப் புதுக் கிளை கட்டுவது. வேப்பங்கிளை, கொய்யாக்கிளை என்று பருமன் மாறி மாறி இருக்க வேண்டும். ஒரே அளவு பிவிசி குழாயில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பாதத்தில் புண் வந்துவிடும். கூண்டுக்கு இரண்டு கதவு உண்டு, முதல் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்கலாம். ஒரு தடவை ஒரே ஒரு நிமிடக் கவனக்குறைவில், இறக்கை பாதிதான் வளர்ந்திருந்த கிளி ஒன்று வெளியே போய்விட்டது. சுவர் ஓரத்தில் காக்கைகள் சூழ்ந்துகொண்ட பிறகுதான் பார்த்தோம். அந்தக் கதவைச் சாத்தாமல் விட்டது நான். இன்றைக்கும் தாழை இரண்டு முறை தொட்டுப் பார்க்காமல் நான் நகர்வதில்லை.

இவ்வளவு நேரத்தில் ஒரு பறவையைக்கூடக் கையால் தொட மாட்டோம். பேசவும் மாட்டோம். காட்டில் விடப்போகிற கிளியோடு பேசினால், அதற்கு நாம் செய்வது துரோகம். நான் சேர்ந்த புதிதில் விடுவித்த கிளி ஒன்று, மூன்றாம் நாள் ஒரு டீக்கடை பெஞ்சில் போய் இறங்கி பிஸ்கட் கேட்டிருக்கிறது. யாரோ பிடித்துத் திரும்ப இறக்கையை வெட்டிவிட்டார்கள். சாக்குப்பையில் அது மையத்துக்குத் திரும்பி வந்தது.

ரங்கனைப் பற்றி. வெட்டிய நகம் திரும்ப வளரும், வெட்டிய இறகு அப்படி வளராது. அடித்தண்டு தானாக உதிர்ந்து புது இறகு வந்தால்தான் உண்டு. கிளி வருடத்துக்கு ஒரு முறைதான் இறகு உதிர்க்கும், அதுவும் முட்டையிடும் பருவம் முடிந்த பிறகு, ஒவ்வொன்றாக. அப்படி வரும் புது இறகுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து இறகுகள் முழுதாக இருந்தால் அவை அணைத்துக் காக்கும். வெட்டிய இறக்கையில் அந்தப் பாதுகாப்பு இல்லை, தட்டினால் ஒடிந்து ரத்தம் கொட்டும். அதனால் அவசரப்பட வேண்டாம். ஐப்பசி வரைக்கும்கூட ஆகலாம். அதற்கு மேல்தான் நெஞ்சுத் தசை தேறுவதற்கான பறக்கும் பயிற்சி.

உன்னை ரங்கன் கூண்டுக்கு விடுவார்களா? நான் பொறுப்பில் இருந்தால் விடமாட்டேன், தங்கச்சி.

---

கொடிமுல்லை · பிப்ரவரி 17

அக்கா, படித்ததும் அழுதுவிட்டேன். கோபம் இல்லை. ஆனால் 11 வருடம் மனிதர்களோடு மட்டுமே இருந்த பறவை அது. திடீரென்று யாரும் பேசாத இடத்தில் விட்டால் அது என்ன நினைக்கும்? நாங்கள் கைவிட்டுவிட்டோம் என்று ஏங்கிப்போகாதா? தினமும் காலையில் அப்பாயி கையிலிருந்து பால்சோறு சாப்பிட்டால்தான் அதற்கு அன்றைய நாளே தொடங்கும்.

---

தஞ்சை கால்நடை · பிப்ரவரி 18

பால்சோறு என்றதும் எழுத வந்தேன். குறையாகச் சொல்லவில்லை, நம் ஊரில் கிளி இருக்கும் வீடெல்லாம் இதைத்தான் செய்கிறது. பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கிற நொதி பறவைக்குக் கிடையாது. எங்களிடம் வரும் வீட்டுக் கிளிகளில் பாதிக்கு மேல் உணவால் வந்த நோய்தான். சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று கல்லீரலில் கொழுப்பு ஏறியிருக்கும். அல்லது வைட்டமின் ஏ குறைந்து வாய்க்குள் வெள்ளைத் திட்டு, மூக்கடைப்பு, மூச்சிரைப்பு என்று வரும். மையத்தில் முதல் வேலையாக ரங்கனின் சாப்பாட்டை மாற்றுவார்கள். ஆனால் ஒரே நாளில் மாற்றக் கூடாது. பழகாத உணவைக் கிளி உணவென்றே எண்ணாது, பட்டினி கிடக்கும். பழையதோடு புதியதைக் கலந்து, தினமும் தராசில் எடை பார்த்துக்கொண்டே மாற்ற வேண்டும். பச்சைக்கிளியின் எடையே நூற்றுச் சொச்சம் கிராம்தான். அதில் பத்து கிராம் குறைந்தால் பெரிய விஷயம்.

கோவைப்பழம், கொய்யா, பப்பாளி, கேரட், முருங்கைக்கீரை, முளைகட்டிய பயறு, கம்பங்கதிர் எல்லாம் நல்லது. பச்சை மிளகாயும் தரலாம். நமக்கு எரியும் காரம் பறவைக்கு உறைப்பதே இல்லை, அதில் வைட்டமினும் நிறைய. அவகாடோ, சாக்லேட், காபி, உப்புப் பலகாரம் ஆகவே ஆகாது.

தன்னார்வலராகப் போகிற யாராக இருந்தாலும் மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு கூட்டுங்கள். அந்தத் தூசியில் கிளிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று வந்தால், கிளிகளோடு வேலை செய்கிறேன் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் அதற்கான மாத்திரை கொடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் சாதாரண நிமோனியா என்று நாள் கடந்துபோகும்.

அடுத்தது, பறவையைப் பிடிக்கும் முறை. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் அதற்கு இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு உள்ளே போகும். பயத்தில் நெஞ்சை இறுக்கிப் பிடித்தீர்கள் என்றால் கையிலேயே மூச்சு நின்றுவிடும். கழுத்தை விரல்களுக்கு நடுவே லேசாக வைத்து, உடம்பைத் துணியால் தளர்வாகச் சுற்ற வேண்டும்.

கடைசியாக, கூண்டைப் பினாயில் போட்டுக் கழுவாதீர்கள். நம் மூக்குக்குச் சுத்தமான வாடை அதன் நுரையீரலுக்கு நஞ்சு.

---

நெல்மணி · பிப்ரவரி 19

என் தாத்தா கிளி ஜோசியர். இந்தப் பெயரை வைத்துக்கொண்டதும் அதனால்தான். சீட்டு எடுத்துக் கொடுத்ததும் கிளிக்கு ஒரு நெல்மணி கொடுப்பார். அதைக் கொறித்துவிட்டுத் தானாகவே கூண்டுக்குள் போய்விடும். வேடிக்கை பார்க்க நிற்பவர்கள், கதவு திறந்திருந்தும் பறக்கவில்லையே என்று ஆச்சரியப்படுவார்கள். பறக்கிற மாதிரி இறக்கை இருந்தால்தானே.

அவரைக் கொடுமைக்காரர் என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும். கிளி சாப்பிட்டதற்குப் பிறகுதான் அவர் சாப்பிடுவார். மழை வந்தால் தன் தோள்துண்டால் கூண்டை மூடிவிட்டு நனைந்துகொண்டு வருவார். ஆனால் புது இறகு தலைகாட்டும்போதெல்லாம் கத்தரிக்கோலை எடுத்தவரும் அவர்தான். எனக்கு ஏழு, எட்டு வயது இருக்கும். காலை நேரத்தில் மேலே கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போகும்போது, எங்கள் கிளி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். பிறகு உடம்பைத் தாழ்த்தி இரண்டு இறக்கையையும் விரித்து நடுங்கும். பசிக்கிறது என்று நினைத்து நான் நெல் கொடுப்பேன். அது என்ன என்று எனக்குப் புரிய இருபது வருடம் ஆனது.

2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூர் பக்கம் ஒரு ஜோசியரின் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது செய்தியாக வந்ததே, அப்போது எங்கள் சொந்தத்தில் எல்லோரும் பயந்துபோனார்கள். வேறு தொழில் தெரியாத பெரியவர்கள் அவர்கள். அவர்களுக்கும் ஒரு வழி பண்ணிவிட்டுக் கிளியை வாங்கினால் நன்றாக இருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கிளியை வாங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

கொடிமுல்லை, நான் வாரம் ஒரு முறை ஒரு மையத்துக்கு இலை, கிளை வெட்டிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன். கூண்டுப் பக்கம் போவதில்லை. பின்கட்டில் இறக்கிவிட்டு வந்துவிடுவேன். போங்கள். எந்த வேலை கொடுத்தாலும் செய்யுங்கள்.

---

சிட்னிவாசி · பிப்ரவரி 20

யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது சிட்னியில் இருக்கிறேன். இங்கே காயப்பட்ட காட்டுப் பறவையை நினைத்தபடி வீட்டில் வைத்துப் பார்க்க ஏலாது. உரிமம் பெற்ற அமைப்பு ஒன்றில் சேர்ந்து, வகுப்புக்குப் போய்ப் பயிற்சி எடுத்தால்தான் பறவையைத் தருவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

எங்களிடம் கூடுதலாக வருவது வானவில் லொரிகீட் கிளி. நாக்கின் நுனி தூரிகை மாதிரி இருக்கும், பூந்தேனும் மகரந்தமும்தான் அதன் சாப்பாடு. சனங்கள் ஆசைக்குப் பாணில் (ரொட்டியில்) தேன் தடவி வைத்து நோயாக்கி விடுகிறார்கள். அங்கே பால்சோறு, இங்கே தேன் பாண்.

நான் சொல்ல வந்தது வேறு. அலகும் இறகும் பழுதாகிற ஒரு வைரஸ் நோய் இந்தக் கிளிகளுக்கு வரும். இறகு கொட்டிப் பறக்க முடியாமல் நிலத்தில் ஓடித் திரியும். வேறு ஒரு குறையும் தெரியாது, நல்லாய்ச் சாப்பிடும், கையில் ஏறும். ஆனால் மருந்து இல்லை, மற்றக் கிளிகளுக்கும் பரவும். அதனால் மருத்துவர் ஊசி போட்டு முடித்துவிடுவார். முதல் பறவையை அப்படிக் கொடுத்துவிட்டு வந்த அன்று காரை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் இருந்தேன். தங்கச்சி, தொண்டு செய்யப் போகிறவருக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வருகிற எல்லாமே பறந்து போகாது.

---

பொன்வண்டு · பிப்ரவரி 20

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். 11 வருடம் குடும்பத்தில் ஒருவராக இருந்த உயிரைத் தூக்கி நூறு கிளிகளுக்கு நடுவில் போடுவது எந்த வகையில் நியாயம்? அதற்குக் கிளிகளின் பாஷையே தெரியாது. அதன் சுதந்திரத்துக்காக என்று சொல்லி அதன் மொத்த உலகத்தையும் பிடுங்கிக்கொள்கிறோம். கொடிமுல்லையின் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அது ஏங்காதா?

---

ஆலங்கிளை · பிப்ரவரி 21

பொன்வண்டு கேட்டது நியாயம்தான். ஏங்கும். சில கிளி இரண்டு மூன்று வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனிதர் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். சில கிளி தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் புதிதாக வருவதை உடனே கூட்டத்தில் விடுவதில்லை. முதல் ஒரு மாதம் தனியாக, நோய் ஏதும் உண்டா என்று பார்ப்பதற்காக. அதன் பிறகு சாதுவான ஒரு கிளியைத் துணைக்கு விடுவோம். பக்கத்தில் ஒன்று உட்கார்ந்து கழுத்து இறகைக் கோதிவிட ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. தன் கழுத்தைத் தானே கோத எந்தக் கிளியாலும் முடியாது. உங்கள் வீட்டில் 11 வருடம் அதைச் செய்யக் கூடவே ஒரு கிளி இல்லை. நீங்கள் விரலால் தடவியிருப்பீர்கள், சரி. ஆனால் நீங்கள் வேலைக்குப் போய்விட்ட நேரமெல்லாம் அது தனியாகத்தானே இருந்தது?

இறக்கை அறுந்தது, கண் போனது என்று விடுவிக்கவே முடியாத கிளிகளும் உண்டு. அவற்றை வேறு கூண்டில் வைத்திருக்கிறோம். அங்கே சட்டம் தலைகீழ். பேசுவோம், பாடுவோம், தராசில் தானாக வந்து ஏற வேர்க்கடலை கொடுத்துப் பழக்குவோம், சோளக்கதிரைத் தொங்கவிட்டு விளையாட்டுக் காட்டுவோம். பச்சைக்கிளி இருபத்தைந்து, முப்பது வருடம்கூட இருக்கும். அத்தனை காலமும் சலிக்காமல் வாழ வேண்டும் அல்லவா.

அப்புறம், நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லும் பட்ஜிகளை வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே கூண்டைத் திறந்துவிட வேண்டாம். அவை ஆஸ்திரேலியப் பறவைகள், கூண்டிலேயே பல தலைமுறை கண்டவை. இங்கே வெளியே விட்டால் பெரும்பாலும் அன்று மாலைக்குள் காக்கைக்கு இரைதான்.

---

கொடிமுல்லை · ஏப்ரல் 27

எல்லோருக்கும் நன்றி. சேர்ந்துவிட்டேன். நேர்காணலில் ரங்கனைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். பொறுப்பாளர் ஆலங்கிளை அக்கா சொன்னதையே சொன்னார். கிளிக்கூண்டு பக்கம் இல்லை, சமையல்கட்டு என்றார். ஒத்துக்கொண்டேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை ஆறரை முதல் பதினொன்று வரை. பழம் நறுக்குவது, பயறு முளைகட்டுவது, யார் யாருக்கு எவ்வளவு என்று எடை போட்டு அடுக்குவது. கூகைகளுக்கு வேறு சாப்பாடு. எலும்பும் முடியுமாக முழு இரையைத்தான் கொடுக்க வேண்டும், செரிக்காததை உருண்டையாகக் கக்கிவிடும். கக்கவில்லை என்றால் அதை எழுதிவைக்க வேண்டும். முதல் நாள் அந்தத் தட்டைத் தொடவே கை வரவில்லை. இப்போது பழகிவிட்டது.

இரண்டு மாதத்தில் ரங்கனை நான்கு தடவை பார்த்தேன், வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, இருபது அடி தூரத்தில். தொப்பி, முகக்கவசம், பச்சைக் கோட்டு எல்லாம் போட்டிருந்தேன், அதற்கு என்னை அடையாளம் தெரிந்திருக்காது. கூண்டில் அறுபது கிளி இருந்தும் எனக்கு உடனே தெரிந்தது. மேல் அலகின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு உண்டு.

மார்ச் கடைசியில் ஒரு நாள் வெளிக்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு "யாரு வந்திருக்கா?" என்றது. நான் சமையல்கட்டில் பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். கூட இருந்த அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு கேட்கவில்லை. அது சொல்லவில்லையா, நான் இருக்கும் நேரத்தில் சொல்லவில்லையா, தெரியாது.

---

புதுக்கோட்டை மருதம் · மே 9

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், அவசரம். மாமரத்தடியில் மைனாக் குஞ்சு ஒன்று கிடக்கிறது. பூனை இருக்கிறது. தொட்டால் தாய் சேர்க்காதாமே? தண்ணீர் ஊற்றட்டுமா?

---

தஞ்சை கால்நடை · மே 9

தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் வாய் இருக்கிறது, நேராக நுரையீரலுக்குள் போய்விடும்.

உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிறதா? அப்படியென்றால் அது பறக்கப் பழகும் குஞ்சு, தாய் அருகிலேயே இருக்கும். பக்கத்தில் உயரமான கிளையில் எடுத்து வைத்துவிட்டுப் பூனையை வீட்டுக்குள் அடையுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வையுங்கள். கூடு எட்டவில்லையா, ஒரு சின்னக் கூடையில் காய்ந்த புல் போட்டு அதே மரத்தில் கட்டுங்கள். தொட்டால் சேர்க்காது என்பது கட்டுக்கதை. தாராளமாகத் தொட்டு எடுத்து வைக்கலாம். தள்ளி நின்று ஒரு மணி நேரம் பாருங்கள். பூனை கவ்வியிருந்தால் மட்டும், காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள். அதன் பல்லில் இருக்கும் கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

---

புதுக்கோட்டை மருதம் · மே 9

கூடையில் வைத்துக் கட்டினேன். தாய் வந்துவிட்டது! வாயில் வெட்டுக்கிளி. மிக்க நன்றி.

---

கொடிமுல்லை · அக்டோபர் 19

ரங்கனைப் பற்றித் தனிமடலில் சிலர் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஆடியில் இறகு உதிர ஆரம்பித்தது. ஆவணிக் கடைசிக்குள் இடது இறக்கை முழுதாக வந்துவிட்டது. வலது பக்கம் வெளி ஓரத்தில் இரண்டு இறகு மட்டும் வரவே இல்லை. குஞ்சாக விற்றவர் அவற்றைப் பிடுங்கியிருக்கலாம், இறகு முளைக்கும் குழியே கெட்டிருக்கும் என்கிறார் மருத்துவர். அவை இல்லாமலும் பறக்கிறது. கூண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகிறது, ஆனால் திரும்பும்போது ஒரு பக்கம் சரிகிறது. இரண்டு சுற்றுக்கு மேல் போனால் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்குகிறது. வளையம் இல்லாத பெண்கிளி ஒன்று எந்நேரமும் கூடவே இருக்கிறது. ரங்கன் தலையைக் குனிந்து கொடுக்க, அது கழுத்தைக் கோதுகிறது. அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அது புரியவில்லை. பார்த்தபோது புரிந்தது.

வரும் சனிக்கிழமை காலையில் பறக்கும் சோதனை. தேறினால், கூட்டத்தோடு சேர்ந்து மார்கழிக்கு முன் விடுவிக்கும் பட்டியலில் ரங்கன் பெயர். தேறாவிட்டால், விடுவிக்க முடியாத கிளிகளின் கூண்டு. அங்கே நான் போகலாம், பேசலாம் என்று பொறுப்பாளர் சொல்லிவிட்டார்.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு இறகும் வரவில்லை என்று மருத்துவர் சொன்ன நொடியில் என் மனதுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வந்த வேகத்தில் பயந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. சனிக்கிழமை எனக்குச் சமையல்கட்டு முறைதான். ஆனால் சோதனை நடக்கும்போது வேலிக்கு வெளியே நிற்கட்டுமா, வேண்டாமா என்று தெரியவில்லை.

---

ஆலங்கிளை · அக்டோபர் 19

நில்லு, தங்கச்சி. அந்தச் சந்தோஷம் எனக்கும் ஒன்றிரண்டு முறை வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டும் இருக்கிறேன்.

சாதாரண உடையில் போகாதே, தொப்பியும் கவசமும் போட்டுக்கொள். ஒரு பக்கம் சரிவதைச் சொன்னாயே, சோதனைக்கு முன்னால் அதை மருத்துவரிடம் எழுதிக் கொடு. எத்தனை சுற்றுக்குப் பிறகு, எந்தத் திருப்பத்தில் என்பதோடு. தள்ளி நின்று அத்தனை வாரம் பார்த்தவள் நீதான்.

---

நெல்மணி · அக்டோபர் 20

வெள்ளிக்கிழமை மாலை கோவைக்கொடி வெட்டப் போகிறேன், பழம் நன்றாகப் பழுத்திருக்கிறது. உங்கள் மையத்துக்கும் இரண்டு கட்டு கொண்டுவருகிறேன். பின்கட்டில் இறக்கி வைக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

---

கொடிமுல்லை · அக்டோபர் 20

வையுங்கள் அண்ணா. ஆறரைக்கு முன்னாடியே வந்துவிடுவேன்.